சோடா உடைத்த சபாபதி

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு உண்டு. யாராவது சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுத்துவிட்டால், "சரியான சபாபதிடா நீ" என்பார்கள். தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், இப்போது நாங்கள் சொல்கிறோம். அந்தச் சபாபதி யார் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. உறவில் எங்கேயோ அப்படி ஓர் அப்பாவி மனிதர் இருந்திருப்பார் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற தீபாவளிக்கு அந்தப் பட்டத்தை எங்கள் வீட்டில் வேலை செய்யும் ஒருவருக்குக் கொடுத்தோம். அதற்கு நான்தான் காரணம்.

பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. காஜாங்கில் எங்களோடுதான் இருக்கிறார். நானும் கணவரும் காலையில் எம்.ஆர்.டி. பிடித்துக் கோலாலம்பூர் போய்விட்டால் திரும்பி வர இருட்டிவிடும். பாட்டியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, ஒரு ஏஜென்ட் மூலமாக லோம்போக் தீவிலிருந்து ஓர் அம்மாவை வரவழைத்தோம். மலாய் மொழியில் 'காக்காக்' என்றால் அக்கா. வீட்டில் வேலை செய்பவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. என் நான்கு வயது மகன் மட்டும் அதைச் சுருக்கி "காக்கா" என்பான். அவருக்குத் தமிழ் தெரியாததால் பிழைத்தோம்.

அவர் வந்த மூன்றாவது வாரம் நடந்தது இது. அன்று எனக்கு வீட்டிலிருந்தபடி வேலை. கணினியில் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் வெயில் அடித்து, பாட்டிக்கு டிவி தெரியவில்லை. "காக்காக், டிவி... புசிங், புசிங்" என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். அவர் என்னை ஒரு கணம் கவலையோடு பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் தைலப் புட்டி. நான் சுதாரிப்பதற்குள் என் நெற்றியில் தேய்க்கவே ஆரம்பித்துவிட்டார். கேமராவில் பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் மலாயில் 'புசிங்' என்றால் திருப்புவது. அவர்களுடைய இந்தோனேசிய மொழியில் அது தலைசுற்றல். டிவி சத்தத்தில் எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

இதைத் தீபாவளி அன்று வந்த உறவினர்களிடம் நடித்தே காட்டினேன். எனக்கு ஓரளவு நடிக்க வரும். அந்தக் கவலைப் பார்வை, புட்டியைத் திறக்கும் வேகம் எல்லாம் அச்சாக வந்தது. சித்தப்பா சிரித்துச் சிரித்து, "சபாபதியைக் கூட்டிட்டு வந்து வீட்ல வச்சிருக்கேன்னு சொல்லு" என்றார். முறுக்குத் தட்டோடு வந்த காக்காக்கும் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

பன்னிரண்டு வயது மகள்தான் கேட்டாள், யார் அந்தச் சபாபதி என்று. "சந்தானம் நடிச்ச படம்தானே, 2021ல வந்துச்சே" என்றான் சித்தப்பா மகன். "அது இல்லடா. கறுப்பு வெள்ளைப் படம். சோடா உடைப்பான்" என்றார் சித்தப்பா. அவரும் முழுதாகப் பார்த்ததில்லையாம். பார்த்தவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்திருந்தார். பாட்டி அன்று சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை இரவு யூடியூப்பில் 'சபாபதி'யைத் தேடிப் போட்டோம். மகள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

கதை ஒன்றும் பெரிதில்லை. சபாபதி முதலியார் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை. வயதுக்கு வளர்ந்தும் பள்ளிப் படிப்பைத் தாண்ட முடியாதவர். அவரிடம் ஒரு வேலைக்காரன். அவன் பெயரும் சபாபதி. முதலாளிக்கு மூளை மட்டு, வேலைக்காரனுக்கு அதைவிட மட்டு. சோடாவை உடைத்துக் கொண்டு வா என்றால் சோடாவை உடைத்துவிடுவான், புட்டியோடு. முதலாளி கோபத்தில் குதிப்பார், அடுத்த உத்தரவு போடுவார், அதுவும் அப்படியே நடக்கும். கோலி சோடாவை என் மகள் பார்த்ததே இல்லை. கழுத்தில் கோலிக்குண்டு சிக்கியிருக்கும், அதை உள்ளே அழுத்தித் திறப்பதைத்தான் உடைப்பது என்பார்கள் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கிய பிறகு சிரிப்பு வராது என்பார்கள். வந்தது.

முதலாளியாக டி.ஆர். ராமச்சந்திரன். கோழிமுட்டைக் கண்கள். அந்தக் கண்ணை உருட்டி உருட்டியே பாதிப் படத்தை நடத்திவிடுகிறார். வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். நாடகத்தில் காளி வேடம் கட்டிப் புகழ் பெற்றதால் பெயருக்கு முன்னால் காளி ஒட்டிக்கொண்டது. பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாக இருந்த எம்.ஜி.ஆருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் அவர். அவருக்கு ஜோடி சி.டி. ராஜகாந்தம். முதலாளியின் மனைவியாக ஆர். பத்மா, லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் வந்ததால் 'லக்ஸ் பத்மா' ஆனவர். தமிழ் வாத்தியாராக கே. சாரங்கபாணி. நடுநடுவே பாட்டு வரும். மகள் அப்போதெல்லாம் போனைப் பார்த்தாள், பாட்டி அப்போதெல்லாம் கண்ணை மூடித் தலையாட்டினார்.

அன்று என் கவனத்தை இழுத்தது படம் மட்டும் இல்லை. பாட்டியின் காலைப் பிடித்துவிட்டபடி தரையில் உட்கார்ந்திருந்த காக்காக், ஒரு வார்த்தை புரியாமல், சோடாக் காட்சியில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இந்தக் கதையை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்கள் மேடை ஏறுவது கௌரவக் குறைவு என்றிருந்த காலத்தில் வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் நடிக்க வைத்தவர். பிறகு நீதிபதியாகவும் இருந்தார். நீதிமன்றத்தில் நாளெல்லாம் வார்த்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஒரு வார்த்தையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வதை வைத்தே சபாபதி நாடகங்களை எழுதினார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

படமாக எடுத்தவர் ஏ.வி. மெய்யப்பன், நமக்குத் தெரிந்த ஏவி.எம். அவரும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் சேர்ந்து இயக்கினார்கள். மெய்யப்பன் காரைக்குடிக்காரர். கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து படத் தொழிலுக்கு வந்தவர். முதலில் எடுத்த 'அல்லி அர்ஜுனா', 'ரத்னாவளி' இரண்டும் கையைச் சுட்டன. 1938இல் 'நந்தகுமார்' எடுத்தபோது, நடிப்பவர் ஒருவர் பாடுபவர் ஒருவர் என்ற பின்னணிப் பாட்டு முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். காதால் தொழில் கற்றவர் என்பது 'சபாபதி'யிலும் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சிரிக்கலாம். அதுவரை நகைச்சுவை என்றால் புராணப் படத்துக்கு நடுவே ஊறுகாய் மாதிரி தனியாக ஒட்டிவைக்கும் சமாச்சாரமாகத்தான் பெரும்பாலும் இருந்தது. இலை முழுக்க ஊறுகாயையே பரிமாறலாம் என்று துணிந்த முதல் சில படங்களில் இது ஒன்று.

பார்த்துக்கொண்டே இருந்தபோது, கல்லூரி நாட்களில் பிலிம் கிளப்பில் பார்த்த ஒரு பிரெஞ்சுப் படம் நினைவுக்கு வந்தது. ரெனே கிளேர் எடுத்த 'ஆ நூ லா லிபர்த்தே'. 'நமக்கு விடுதலை' என்று சொல்லலாம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்த அதே 1931இல் வந்தது. அதுவும் பாட்டும் சிரிப்பும்தான். சிறையில் ஒன்றாக இருந்த இரண்டு நண்பர்களில் ஒருவன் தப்பித்துப் போய்ப் பெரிய முதலாளி ஆகிவிடுகிறான். அவன் தொழிற்சாலையில் செய்வது என்ன தெரியுமா? கிராமபோன் பெட்டி. இன்னொருவன் பிறகு வெளியே வந்து அங்கேயே வேலைக்கு மாட்டிக்கொள்கிறான். சிறையில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்ததற்கும் தொழிற்சாலையில் உட்கார்வதற்கும் வித்தியாசமே தெரியாது. சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' இதைப் பார்த்து எடுத்ததுதான் என்று தயாரிப்பு நிறுவனம் வழக்குப் போட்டது. கிளேர் அந்த வழக்கில் சேரவில்லை. கடைசியில் இயந்திரங்கள் தாமே வேலை செய்ய, தொழிலாளிகள் மீன் பிடிக்கப் போகிறார்கள். முதலாளியும் நண்பனும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவோடு நடந்து போகிறார்கள்.

நம் படம் அப்படி முடியவில்லை. முதலாளி சபாபதிக்குப் படித்த பெண்ணைக் கட்டி வைக்கிறார்கள். அவள் பொறுமையாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள், அவரும் பரீட்சையில் தேறிவிடுகிறார். 1941இல் கணவனுக்கு மனைவி பாடம் எடுப்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதற்கு மெய்யப்பனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வேலைக்காரச் சபாபதிக்கு யாரும் பலகை எடுத்துக்கொண்டு வந்து உட்காரவில்லை. ஒரே பெயர், ஒரே அளவு அசட்டுத்தனம். ஒருவருடைய அசட்டுத்தனத்துக்கு வாத்தியார் வைக்கிறார்கள், மற்றவனுடையதற்கு உதை. படம் இதைக் கேலியாகச் சொல்கிறதா, கவனிக்காமலே விட்டுவிட்டதா என்று எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

படம் முடிந்து பிள்ளைகள் படுக்கப் போனதும், எப்போது வந்த படம் என்று தேடிப் பார்த்தேன். 1941 டிசம்பர் 14. ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தத் தேதியை இந்த நாட்டில் இருந்துகொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. டிசம்பர் 8இல் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கிவிட்டான். 10ஆம் தேதி பிரிட்டிஷ்காரர்களின் இரண்டு பெரிய போர்க் கப்பல்கள் கடலில் மூழ்கின. 11இல் பினாங்கில் குண்டு விழுந்தது. சென்னையில் 'சபாபதி' வெளியான அன்று இங்கே ஜித்ராவில் தோற்ற படை தெற்கே ஓடி வந்துகொண்டிருந்தது. அடுத்த சில நாட்களில் பினாங்கிலிருந்து வெள்ளைக்காரர்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றினார்கள். மற்றவர்கள் விடிந்துதான் தெரிந்துகொண்டார்கள். ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. அங்கிருந்து காஜாங் இருபது கிலோமீட்டர்தான். சென்னையும் தப்பவில்லை. 1942 ஏப்ரலில் குண்டுக்குப் பயந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். மெய்யப்பனே பிறகு காரைக்குடிக்குப் போய்க் கொட்டகை போட்டுத்தான் ஸ்டூடியோ நடத்தினார்.

"அந்தப் படம் வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு பாட்டி?" என்று கேட்டேன்.

"வந்தப்ப எங்க பாத்தோம்? சண்டை முடிஞ்சு எத்தனையோ வருசம் கழிச்சுல்ல. தோட்டத்துல திடல்ல வெள்ளைத் துணி கட்டிக் காட்டுனாங்க. நாங்க துணிக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாத்தோம். எழுத்தெல்லாம் தலைகீழாத் தெரியும். எங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சாத்தானே" என்றார்.

பாட்டி பிறந்தது காஜாங் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில். மலாயாவில் வியாபாரத்துக்காகப் பெரிய அளவில் கித்தா நட்ட முதல் தோட்டங்களில் ஒன்றே காஜாங்கில்தான் இருந்தது. கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களில் நட்ட இஞ்ச் கென்னத். பாட்டியின் தோட்டம் அது இல்லை, சின்னது. பாட்டியின் அம்மா பால்மரம் வெட்டினார். அப்பா துரை பங்களாவில் சமையலுக்கும் எடுபிடிக்கும் இருந்தார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பாட்டி அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று இரவு பதினோரு மணிக்கு, நான் கேட்காமலே பேசினார்.

"எங்கப்பா துரைக்குப் பல்லு குடுத்தவரு, தெரியுமா?"

துரை புதிதாகச் சீமையிலிருந்து வந்தவர். புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட புத்தகங்கள் உண்மையிலேயே இருந்தன. கொழும்பில் சின்னத் துரைகளுக்காகப் போட்ட ஒரு கையேட்டுக்குப் பெயரே 'இங்கே வா'. வெள்ளைக்காரர் நாக்குக்கு நம் குறில் நெடில் வராது. ஒரு நாள் காலையில் தேநீருக்குப் பால் வேண்டும். "பல் கொண்டு வா!" என்று துரை கத்தினார். பாட்டியின் அப்பா போய், முன்னால் நின்று, வாயை 'ஈ' என்று திறந்து பல்லைக் காட்டினார். துரை மறுபடியும், இன்னும் சத்தமாக, "பல்! பல்!" என்றார். இவர் இன்னும் அகலமாகத் திறந்தார். துரை காலில் இருந்ததைக் கழற்றி எறிந்தார்.

நான் சிரித்துவிட்டேன். "பாவம், புரியல போல" என்றேன்.

"யாருக்குப் புரியல?" பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு வருசமா காலையில அதே மேசைக்கு அதே பாலைக் கொண்டு போய் வச்சவருக்குப் புரியாதா? முந்தின நாள் துரை எங்கம்மாவப் பெரட்டுல வச்சு நாலு பேர் முன்னாடி ஏசியிருந்தான். அதுக்குத்தான். செருப்படி பட்டாலும் அன்னைக்கு ராத்திரி லயத்துல எல்லாரும் அவரைப் பல்லக் காட்டச் சொல்லிக் காட்டச் சொல்லிச் சிரிச்சாங்களாம். அம்மா சொல்லும்."

பாட்டி சொன்னதை நான் சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை. அவர் சொல்லும்போது வாயைத் திறந்து காட்டினார். தொண்ணூறு வயதில் அந்த வாயில் மிச்சமிருப்பது மூன்று பல்.

ஜப்பான்காரன் வருவதற்குள் துரை காரில் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பங்களாவைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். இவரும் சொன்னபடியே வைத்திருந்தார். 1943இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்க வந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். அந்த ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர், காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டோடு போனார்கள். பாட்டியின் அப்பாவும் வரவில்லை. எங்கே, எந்தத் தேதியில் என்று யாரும் வந்து சொல்லவில்லை. சாவி மட்டும் ரொம்ப நாள் லயத்துச் சுவரில் தொங்கியது.

"அப்புறந்தான் அந்தப் படம் காட்டுனாங்க. சோடா உடைச்சான் பாரு, எங்கம்மா சிரிச்ச சிரிப்பு! பக்கத்துல உள்ளவங்க பிடிச்சுக்கிட்டாங்க. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா வாயத் தொறந்து சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "மறுநாள் தண்டல், என் தம்பிய ஏதோ ஒரு வேலையில 'போடா சபாபதி'ன்னுட்டான். அம்மா பால் வாளியக் கீழ வச்சுட்டு அவன் சட்டையப் பிடிச்சிருச்சு. 'எம்புள்ளைய அப்படிக் கூப்பிடாத'ன்னு. பாத்துச் சிரிச்சது வேற, கூப்பிடுறது வேற."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் தாத்தா. அவர் காஜாங் டவுனில் வளர்ந்தவர், மளிகைக் கடைப் பிள்ளை. யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் பாட்டி வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. தாத்தா சொல்லும்போதெல்லாம் என்ன செய்வார் என்று நினைவுபடுத்தப் பார்த்தேன். அடுப்படிக்கு எழுந்து போவார் என்று தோன்றுகிறது. ஆனால் அடுப்படிக்குப் போவதற்கு அவருக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் காக்காக் அங்கேயேதான் இருந்தார். பாட்டி பல்லைக் காட்டியது ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, அதே மாதிரி எனக்கும் ஒன்று நடந்தது, சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்றார்.

தைலக் கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. அவர் வந்த முதல் நாள் நான் அவரிடம் சொன்ன முதல் வேலை, "ஜாகா புடாக்". பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நம் மலாயில் புடாக் என்றால் சிறுபிள்ளை. அவர்கள் மொழியில் புடாக் என்றால் அடிமை. இந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் அடிமை இருக்கிறதா, அதைக் காவல் காக்கத்தான் என்னைக் கூட்டி வந்தார்களா, அல்லது நான்தான் அதுவா என்று அன்று இரவெல்லாம் தூங்கவில்லையாம். மறுநாள் காலையில் என் மகன் வந்து மடியில் ஏறி உட்கார்ந்ததும்தான் விஷயம் விளங்கியதாம். சொல்லிவிட்டு, சோடாக் காட்சிக்குச் சிரித்த மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

ஏனென்றால் அவருடைய கடப்பிதழ் என் அலமாரியில் இருந்தது. முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓடிப்போனால் பணம் போய்விடும் என்று ஏஜென்ட் சொன்னார். வாங்கி நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி இன்னொருவர் கடப்பிதழை இப்படி வைத்துக்கொள்வது குற்றம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. நான் வேலை பார்ப்பது மனிதவளப் பிரிவில். எங்கள் நிறுவனத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ் அவரவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை தயாரித்ததே நான்தான். வீடு வேறு, அலுவலகம் வேறு என்று எனக்குள் ஒரு பூட்டு இருந்திருக்கிறது. பத்திரத்துக்காக வைத்திருக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். துரையும் சாவியைக் கொடுத்தபோது பத்திரம் என்றுதான் சொன்னார். அவர் தன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவருடையதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்து பசியாறிய பிறகு அலமாரியைத் திறந்து கடப்பிதழை எடுத்துக் கொடுத்தேன். அவர் பயந்துவிட்டார். ஊருக்கு அனுப்புகிறேன் என்று நினைத்துவிட்டார். பாட்டி கதைக்குக் கோபித்துக்கொண்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை, இது உங்களுடையது, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மலாயில் சொன்னேன். எந்தச் சொல் அவர் மொழியில் வேறு என்னவாகக் கேட்குமோ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தயங்கினேன். கடைசியில் அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன். விரித்து, தன் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, துணிப்பையின் அடியில் வைத்துக்கொண்டார். கணவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "போனா என்ன பண்றது?" என்றார். போனால் போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. பாட்டியை யார் பார்த்துக்கொள்வது?

சித்தப்பா அடுத்த வாரம் வந்தபோது, வாசலிலேயே "எங்க நம்ம சபாபதி?" என்று கேட்டார். வேண்டாம் சித்தப்பா என்றேன். ஏன் என்றார். பாட்டியைக் கேளுங்கள் என்றேன். பாட்டி அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "பல்லக் காட்டு" என்றார். அவர் விழித்தார். என் மகள் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

அன்று இரவு பாட்டி அந்தச் சோடாப் படத்தையே மறுபடியும் போடச் சொன்னார். நான் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். காக்காக் அதற்குள் டிவியைப் பாட்டி பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, தைலப் புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.